சம அவசரம்

மஞ்சப்பாறை எஸ்டேட்டுக்கு அரசாங்கத்திடமிருந்து தமிழில் ஒரு நோட்டீஸ் வந்தது அதுதான் முதல் தடவை. எஸ்டேட் இருப்பது கேரளத்தில், போனக்காட்டுக்கு இந்தப் பக்கத்து மலையில். லயத்து வீடுகளில் இருப்பவர்கள் எல்லாம் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து என்றைக்கோ தேயிலைக் கொழுந்து கிள்ள வந்தவர்களின் பேரன் பேத்திகள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு அறிவிப்பெல்லாம் தமிழிலும் போக வேண்டும் என்று மேலே யாரோ புண்ணியவான் உத்தரவு போட்டிருந்தார். பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்த அனூப் அந்தப் பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டான். நல்ல பையன். சினிமா போஸ்டர் பார்த்து எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தவன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. வார்த்தைதான் பாதிக்குப் பாதி மலையாளம்.

நோட்டீஸ் இப்படி இருந்தது: "எல்லாப் பெண்களுக்கும் சம அவசரம்! பஞ்சாயத்தின் சிறப்புப் பெண்கள் சபை. தங்கள் வார்டுப் பெண்களுக்கு எந்த அவசரம் வேண்டும் என்று மெம்பர் சபையில் பறைய வேண்டும். பஞ்சாயத்து அதை ஒருக்கித் தரும்."

அதை வாங்கியவள் மெம்பர் நாச்சியார். மெம்பராகி ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியவில்லை. அந்த வார்டு இந்த முறை பெண்களுக்கு என்று குலுக்கலில் விழுந்தபோது, லயத்துப் பெண்கள் கூடிப் பேசி அவளை நிற்க வைத்தார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் தொண்டை அப்படி. இந்த மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் ஆள் திரும்பிப் பார்க்கும். முன்பிருந்த மெம்பர் ஓட்டுக் கேட்க மட்டும் மலையேறுகிறவர். இவள் ஆபீஸுக்கு மலையிறங்கினால் போதும் என்று ஜெயிக்க வைத்துவிட்டார்கள். மெம்பரானாலும் கூட்டமில்லாத நாளில் அவள் கொழுந்துக்குப் போவதை விடவில்லை.

கொழுந்து நிறுக்கிற ஷெட்டில் நோட்டீஸை உரக்கப் படித்தாள். பச்சைச் சாக்குகளின் மேல் சாய்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு பிரிஸில்லா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாச்சியாரோடு கூடக் கொழுந்து கிள்ளும் சேத்தாளி அவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"கர்த்தாவே! நம்ம அவசரம் கவர்மெண்டுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"அப்படித்தானட்டி எழுதியிருக்கு. எல்லாப் பெண்ணுங்களுக்கும் சமமா அவசரம் வரும்னு."

"வராம? ஆத்திரத்த அடக்கலாம், மூத்திரத்த அடக்க முடியுமா? இத்தன காலம் கழிச்சாவது ஒரு ஆபீசருக்கு உறைச்சுதே, அவன் புள்ள குட்டியோட நல்லா இருக்கட்டும்."

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. விடிந்ததும் மலை ஏறினால் உச்சி சாய்ந்துதான் லயத்துக்குத் திரும்ப முடியும். நடுவில் கக்கூஸ் என்று ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. அதில் ஒரு ஆனை வந்து முதுகு சொறிந்துகொண்டது. கட்டிடம் அத்தோடு சரி. அதற்குப் பிறகு காடுதான் கதி. காட்டில் அட்டை உண்டு, பாம்பு உண்டு, காட்டெருமைப் போத்து உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, கீழ்ப்பாதையில் பைக்கில் போகிற ஆண்பிள்ளைகள் உண்டு. அதனால் பெண்கள் காலையில் பாலில்லாத கட்டஞ்சாயாவை நாக்கு நனைகிற அளவுக்குத்தான் குடிப்பார்கள்.

நாச்சியாரின் புருஷன் வேலாயுதன் கீழே ரப்பர் வெட்டப் போகிறவன். சாயங்காலம் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "அப்போ ஆம்பளைக்கு அவசரம் கெடையாதாக்கும்?" என்றான்.

"ஒங்களுக்கு ஊரெல்லாம் ரப்பர் மரம் இருக்கில்ல. அது போதும்" என்றாள் நாச்சியார்.

சபைக்குப் போகிற அன்றைக்கு நீலச் சேலையை நன்றாக நீவிக் கட்டிக்கொண்டாள். நெடுமங்காட்டு ஹாஸ்டலில் இருந்து டிகிரி படிக்கும் மகள் ரெம்யா நேரே ஹாலுக்கு வந்துவிட்டாள். அம்மா மைக்கில் பேசுவதைப் படம் பிடிக்க வேண்டுமாம். கூடவே காலேஜ் கூட்டுக்காரி ஒருத்தியையும் அழைத்து வந்திருந்தாள்.

ஹால் நிறைய ஆள். மேடையில் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் சுசீலாபாய், ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கஞ்சிப் பசை போட்ட சேலை. மடிப்பில் கை வெட்டிக்கொள்ளும். தமிழ் நன்றாக அறிவார், பாறசாலைக்காரி. பக்கத்தில் கீழ் வார்டு மெம்பர் தாசையன். எந்தத் திட்டம் வந்தாலும் அதைக் கோழியில் கொண்டுபோய் முடிக்கிறவர் என்பதால் கோழி தாசையன் என்று பேர். ஒவ்வொரு வார்டாக எழுந்து மலையாளத்தில் பேசினார்கள். ஒருத்தி தையல் மிஷின் என்றாள். ஒருத்தி கம்ப்யூட்டர் என்றாள். நாச்சியார் காதில் ஒன்றும் ஏறவில்லை. பேச வேண்டியதை மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் முறை வந்தது. மைக்கைப் பார்த்ததும் மலை தாண்டுகிற தொண்டை ஒட்டிக்கொண்டது. எச்சில் கூட்டி விழுங்கி ஆரம்பித்தாள். மைக்கே தேவைப்படவில்லை.

"பிரசிடெண்டே, சாறன்மாரே! எங்க பெண்ணுங்களுக்கு அவசரம் வந்தா எடம் இல்ல. காட்டுக்குள்ள போவணும். ஒருத்தி போனா ஒருத்தி காவல் நிக்கணும். மழையானாலும் செரி, வெயிலானாலும் செரி, அவசரம் பாத்து வராது. நீங்க எங்க அவசரத்த மனசிலாக்கினதுக்குக் கோடி கும்பிடு. ரெண்டு ரூமும் தண்ணியும் ஒருக்கித் தந்தா மதி, அது போதும்!"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது முன்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் கூரைத் தகரம் அதிர்ந்தது. சுசீலாபாய்கூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அனூப் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

தாசையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மெம்பரே, இது அந்த அவசரம் இல்ல கேட்டியளா. மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. சான்ஸ். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சான்ஸ். நீங்க பறயுதது வேற டிப்பார்ட்மெண்ட்!"

இன்னொரு அலை சிரிப்பு. நாச்சியாருக்குக் காது அடைத்துக்கொண்டது. வாசல் பக்கம் பார்த்தாள். ரெம்யா படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு, கூட்டுக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். ஊர் சிரித்ததைத் தாங்கலாம். அதைத் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் தாயும் மகளும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வீடு வந்ததும் நாச்சியார் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்தாள். காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் அம்மியில் வைத்து, அனூப்பை நினைத்து நன்றாக நசுக்கினாள். வெளியே ஐப்பசித் துலாமழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்த எனக்கு போன் பண்ணி கேட்டிருக்கக்கூடாதா?" என்று ரெம்யா ஆரம்பித்தாள். "அவசரம்னா அவஸரம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அறியாம். எந்தொரு நாணக்கேடு! கூட வந்தவ காலேஜ் முழுக்கப் பறயும்."

"எனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல கொழுந்துச் சாக்குதான மக்கா தந்தாவ."

"அம்மா, நான் அதச் சொல்லல்ல."

"நீ சொன்னதுதான். நான் ராஜினாமா எழுதிக் குடுக்கப் போறேன். தெரிஞ்சவ யாராவது இருந்துக்கிடட்டும். இனி அந்த ஹால் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

வேலாயுதன் கிழங்கைச் சம்மந்தித் துவையலில் முக்கியபடி சொன்னான்: "அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. கிழங்கத் தின்னு. ராஜினாமா எங்கயும் ஓடிப் போவாது."

"இஞ்சேருங்க, இனி ஒருத்தரும் இந்த வீட்டுல அந்த வார்த்தய சொல்லப்பிடாது."

"எந்த வார்த்த?"

நாச்சியார் சம்மந்திக் கிண்ணத்தை அவன் எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். வேலாயுதன் வெறும் கிழங்கைத் தின்று முடித்தான். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும். மெம்பர் வேலை அன்றைக்கே முடிந்தது என்றுதான் அவனும் நினைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. பக்கத்து நிரையில் ஆள் குறைவு என்று ரெம்யாவையும் கொழுந்துக்குக் கூப்பிட்டார்கள். கோபத்தில் இருந்தாலும் கையில் காசு வருகிறதே என்று அவள் கிளம்பினாள். ஹாஸ்டல் பழக்கத்தில் ஒரு பெரிய தம்ளர் கட்டஞ்சாயாவும், அதற்கு மேல் ஒரு செம்பு சுடுவெள்ளமும் குடித்தாள். நாச்சியார் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். நேற்றைய ஞாபகம் வந்தது. படித்த பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள்.

மஞ்சு மூடிக் கிடந்தது மலை. இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டு, கத்தரியைச் சதங்கைபோலக் குலுக்கிக்கொண்டு பெண்கள் நிரை பிடித்தார்கள். வெயில் மஞ்சைக் கலைக்கும் நேரம் ஆனபோது ரெம்யாவின் கத்தரிச் சத்தம் நின்றது. ஒரு காலில் நின்றாள். பிறகு மறு காலில் நின்றாள்.

"அம்மா…"

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, இங்க எங்க…"

நாச்சியார் கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள்: "எது எங்க? சான்ஸா?"

பிரிஸில்லா சாக்கில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். ரெம்யாவுக்கு அழுகையும் வந்தது, அதைவிட முக்கியமானதும் வந்தது. நாச்சியாருக்கு மனசு இளகிவிட்டது. கத்தரியைப் போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு சோலைப் பக்கம் ஓடினாள். பாறை மறைவில் அவளை விட்டு, படுதாவை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கீழ்ப்பாதையில் ஒரு பைக் வந்தது. நாச்சியார் தன் மலைத் தொண்டையில் ஒரு அதட்டுப் போட்டாள். பைக்குக்காரன் கிட்டத்தட்ட ஓடையில் இறங்கினான்.

வெளியே வந்த ரெம்யாவின் கெண்டைக்காலில் மூன்று அட்டை. நாச்சியார் மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து ஒவ்வொன்றாக உதிர்த்தாள். ரத்தம் கோடாக இறங்கியது. ரெம்யா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தினமும் இப்படியாம்மா?"

"மழைநாள்ல அட்டை கூடுதல். வெயில்நாள்ல ஆளு கூடுதல்."

"அப்போ நீங்க வெள்ளம் குடிக்கதே இல்லையா?"

"வேலை முடிஞ்சு குடிப்போம். பிரிஸில்லாவுக்குப் போன வருஷம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தாள்ல? டாக்டர் தண்ணி குடி, தண்ணி குடின்னு சொல்லிவிட்டாரு. குடிச்சிட்டு எங்க போறதுன்னு அவரு எழுதித் தரல்ல."

நிரைக்குத் திரும்புகிற வழியில் ரெம்யா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திடீரென்று நின்றாள்.

"அம்மா, தமிழ்ல நோட்டீஸ் தந்தது ஆரு?"

"பஞ்சாயத்து."

"சும்மா தந்ததா? ஆர்டர் இருக்கு, அதுனால தந்தது. அப்போ தமிழ்ல எழுதினதுக்குத் தமிழ்ல உள்ள அர்த்தந்தான எடுக்கணும்? மலையாள அர்த்தம் வேணும்னா மலையாளத்துலயே எழுதியிருக்கட்டும்!"

நாச்சியார் மகளைப் பார்த்தாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்று சொல்வார்களே, அது அன்றைக்கு நடந்தது. ஆனால் உடனே காதுக்குள் சிரிப்பு கேட்டது, கூரை அதிர்ந்த அந்தச் சிரிப்பு.

"திரும்பவும் சிரிப்பாங்களே மக்கா."

"சிரிக்கட்டும். நான் முன்வரிசையில இருக்கேன். இந்தத் தடவ வெளிய போவ மாட்டேன்."

திங்கட்கிழமை, எந்த வார்டுக்கு எந்தத் திட்டம் என்று முடிவு செய்கிற கமிட்டி கூடியது. நாச்சியாரைக் கண்டதும் இரண்டு பேர் இருமினார்கள். ராஜினாமா கொடுக்க வந்திருக்கிறாள் என்று பேச்சு. தாசையன் முந்திக்கொண்டு, மஞ்சப்பாறை வார்டுக்குக் கோழி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒரு வீட்டுக்குப் பத்துக் கோழி. கூடும் உண்டு. பெண்ணுங்க சொந்தக் கால்ல நிக்கலாம்."

நாச்சியார் எழுந்தாள். முன்வரிசையில் ரெம்யா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மெம்பர் சாரே, கூடுன்னா எப்படி?"

"நல்ல கூடு. கம்பி வல, தகர மேல்கூர, கதவு, தாழ் போட கொண்டி எல்லாம் உண்டு."

"கொண்டியும் உண்டு?"

"பின்ன? கோழிக்கு ஒரு சேஃப்டி வேண்டாமா?"

"கோழிக்குக் கதவு, கொண்டி, கூர. அது நல்ல காரியம். அந்தக் கோழிய வளக்குதவ மலையில நின்னு திருதிருன்னு முழிக்கணும். கோழியா பொறந்திருந்தாக்கூட எங்களுக்கு ஒரு அவசரம் கெடச்சிருக்கும்!"

இந்த முறையும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு தாசையன் பக்கம் திரும்பிவிட்டது. அவரும் நல்லவர்தான், கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகுதான் சுதாரித்தார்.

"அதெல்லாம் செரி. ஸ்கீமு சமத்துவத்துக்குள்ளது. நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்கு?"

"அதத்தான் நானும் கேக்குதேன். அனூப் சாரே, நோட்டீஸ் தமிழ்ல எழுதினது நீங்கதான?"

அனூப் எழுந்து நின்றான். பாவம், சபை நடந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "ஞான்தான் சேச்சி. தெற்றிப் போச்சு. சாரி."

"சாரி வேண்டாம். ஒங்க தமிழ் எங்களுக்குப் போதும். தமிழ்ல நோட்டீஸ் வேணும்னு அரசாங்கம் சொல்லிச்சு. நீங்க அடிச்சு, பிரசிடெண்ட் கையொப்பும் போட்டு, சீலும் வச்சு மலைக்கு வந்துது. எங்க பெண்ணுங்க வாசிச்சு, எங்களுக்கு இன்ன அவசரம்னு ஒருமனசா பறஞ்சாச்சு. அர்த்தம் தமிழ்லயா மலையாளத்துலயான்னு இப்போ எப்படி மாத்துவீங்க? மலையாளத்துல சமமா இருந்தா மதியா? தமிழ்லயும் சமமா இருக்க வேண்டாமா?"

சுசீலாபாய் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்தார். பாதி வாழ்நாள் பிள்ளைகளுக்குப் பதவுரை சொல்லிக்கொடுத்தவர். நன்றாகச் சொல்லப்பட்ட பதிலுக்கு மார்க் போடாமல் இருக்க அவரால் முடியாது.

"ஒப்பு என்னோடதுதான்" என்றார். "அனூப், இடம்?"

"எஸ்டேட் நிலம் கம்பெனிக்குள்ளது டீச்சர். அங்க நமக்குக் கட்டடம் கெட்டான் ஒக்காது."

தாசையன் தலையைச் சொறிந்தார். கோழி போனது போனதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அது… மலையில ரோடு வளையுத எடத்துல நம்ம பழைய வெயிட்டிங் ஷெட்டு இடிஞ்சு கெடக்கில்லா? அது பஞ்சாயத்துப் புறம்போக்கு. பக்கத்துல ஊற்றும் உண்டு."

நாச்சியார் அவரைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினாள். ரெம்யா விசில் அடித்தாள். பஞ்சாயத்துக் கமிட்டி ஹாலில் அது நடக்கக்கூடாதுதான்.

மாசி வெயிலில் கட்டிடம் எழும்பியது. ரெண்டு ரூம், கை கழுவும் இடம், ஓய்வெடுக்க ஒரு திண்டு, ஆனை வந்தால் முதுகு சொறியத் தோன்றாதபடி சுற்றிலும் இரும்புத் தூண். கேரளத்தில் ஒரு பைப்பு திறந்தாலும் உத்காடனம் என்று ஒரு திறப்பு விழா உண்டு, இதற்கும் வைத்தார்கள். ஆனால் கக்கூஸுக்கு ரிப்பன் வெட்டிப் பேப்பரில் படம் வர எந்தப் பெரிய மனுஷனுக்கும் ஆசையில்லை. எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்துக் கல்யாணம் இருந்தது. கடைசியில் ஒரு பெரிய ஆபீசர் சம்மதித்தார்.

பெண்கள் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். குத்துவிளக்கு, வாழைக்குலை, பிரிஸில்லா கொண்டுவந்த பாயசப் போணி. சுசீலாபாய் ஜீப்பில் வந்து இறங்கினார். வித்துராவில் குடித்த இளநீரும், அடிவாரத்தில் வரவேற்புக்குத் தந்த எலுமிச்சை நாரங்காவெள்ளமும், மலைரோட்டின் குழிகளும் சேர்ந்து அவரை ஒரு வழி பண்ணியிருந்தன. வந்ததும் ஒரு தம்ளர் பாயசம் வேறு. ஆபீசர் வரவில்லை. போன் போட்டார்கள். கல்லாற்றில் ஆனை ரோட்டை மறித்து நிற்கிறது, இன்னும் நேரமாகும் என்றது போன்.

தாசையன் இடைநேரத்தை வீணாக்க வேண்டாமென்று மைக்கைப் பிடித்து, கோழி வளர்ப்பின் மகத்துவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சுசீலாபாய் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார். காலை மாற்றிப் போட்டார். நெற்றியில் வியர்த்தது. பிறகு மெல்ல எழுந்து, கஞ்சி போட்ட சேலை சரசரக்க, ரிப்பன் பக்கத்தில் நின்ற நாச்சியாரிடம் வந்தார்.

"நாச்சியாரே," என்று காதோடு சொன்னார், "ஒரு அவசரம்."

நாச்சியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எந்த அவசரம் டீச்சரே? மலையாளமா, தமிழா?"

"தமிழு! தமிழு! எடி, வெளையாடாத!"

நாச்சியார் ரிப்பனை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள். பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் குனிந்து உள்ளே ஓடினார். கொண்டி விழுகிற சத்தம் மைக்கைத் தாண்டிக் கேட்டது. தாசையன் பேச்சை நிறுத்தினார். மலையில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.